பேட்டர்ன் போடுவதற்கு முன்னால்

திருநெல்வேலிப் பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளுக்குப் பொருள் வடிவமைப்பு ஆலோசகராகப் போய்வருகிறேன். பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவே இல்லை. லேத்தில் நிற்பவரிடம் ஒரு மாதிரியைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடும். சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில். எதைச் செய்வது என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

டீலர் ஒரு குறை சொல்வார். அல்லது முதலாளி கோயம்புத்தூர்க் கண்காட்சியில் ஒரு மெஷினை போட்டோ எடுத்து வருவார். உடனே டிராயிங், மரப் பேட்டர்ன் (வார்ப்புக்கு மணலில் அச்சு எடுக்கிற மர மாதிரி), வார்ப்பு, பெயின்ட். மெஷின் விற்றபிறகுதான் அதில் வேலை பார்க்கிறவரின் குரல் பட்டறைக்கு எட்டும், அதுவும் சர்வீஸ் மெக்கானிக் வாய்வழியாக. அதற்குள் பேட்டர்னுக்குப் பணம் கொடுத்தாயிற்று. மாற்றச் சொன்னால் யாருக்கும் மனசு வராது.

அப்பளம் அழுத்தும் கை மெஷின் செய்கிற ஒரு பட்டறையில், வேகம் போதவில்லை, மோட்டார் வைக்க வேண்டும் என்று முடிவே எடுத்துவிட்டிருந்தார்கள். ஃபோர்மேனையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு கல்லிடைக்குறிச்சியில் அந்த மெஷின் ஓடுகிற ஒரு வீட்டுக்குப் போனோம். எதுவும் கேட்க வேண்டாம், பேசாமல் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டால் விலை குறைய வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் டிராயிங் போட உதவாது.

அங்கே மெஷின் அதன் ஸ்டாண்டில் இல்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வதால், கழற்றிப் பலகையில் வைத்திருந்தார்கள். கைப்பிடியில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. மாவு ஒட்டாமலிருக்க இரண்டு தட்டுக்கும் நடுவில் எண்ணெய் தடவிய பாலிதீன் தாள். அழுத்துவது ஒரு நொடி. அந்தத் தாளைப் பிரித்து, அப்பளம் கிழியாமல் எடுத்துப் போடுவதில்தான் நேரம் போயிற்று. மோட்டார் வைத்திருந்தால் அந்த ஒரு நொடி அரை நொடியாகியிருக்கும், அவ்வளவுதான்.

பயன்படுத்துகிறவர் தானாகச் செய்துகொண்ட ஒட்டுவேலையைத் தேடுங்கள். சுற்றிய துணி, முட்டுக்கொடுத்த செங்கல், கட்டிய கயிறு எல்லாம் கம்பெனிக்கு எழுதப்படாத புகார்கள்.

அப்புறம் பிளைவுட்டையும் பழைய பைப்பையும் வைத்து, தரையில் உட்கார்ந்து இழுக்கிற உயரத்துக்கு ஒரு டம்மி செய்து கொண்டுபோனோம். அந்த வீட்டு அம்மா உட்கார்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு, “கை இப்பிடி வந்தா தோளு வலிக்காது அண்ணாச்சி. ஆனா இந்தக் கட்டை முழங்கால்ல இடிக்கி” என்றார். வார்ப்பில் வந்தபிறகு இது தெரிந்திருந்தால் என்ன செலவு என்று ஃபோர்மேன் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

பல யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஸ்டூவர்ட் பியூ என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வகுத்த அட்டவணை முறை போதும். இப்போது விற்கிற மெஷினை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு யோசனையும் தோள்வலி, சுத்தம் செய்வது, வார்ப்புச் செலவு என்று ஒவ்வொரு விஷயத்திலும் அதைவிட மேலா, கீழா, அதே அளவா என்று குறிப்பது. ஃபோர்மேன் அதைத் தகரத் தகட்டில் சாக்பீஸால் எழுதினார். முதலாளியின் மோட்டார் யோசனைக்கும் ஒரு பத்தி இருந்தது. அதை வேண்டாம் என்று யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளியை எதிர்த்துப் பேசாத பட்டறைகளில் இது பெரிய வசதி.

பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2004-இல் வெளியிட்ட இரட்டை வைரப் படத்தை, அதாவது வடிவமைப்பின் கட்டங்களை இரண்டு வைர வடிவங்களாகக் காட்டுகிற படத்தை, சுவரில் ஒட்டி, ரெண்டு நாள் பயிற்சி நடத்தி, கலர் கலராகச் சீட்டு ஒட்டவைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. படத்தில் குறையில்லை. ஆனால் மூன்றாம் நாள் வேலை பழையபடிதான் ஓடும். திருநெல்வேலிக்கே வந்து அல்வா கொடுக்கிறார்கள், வேறென்ன.

கம்பெனிக்குள் இந்த முறை நிலைக்க வேண்டுமானால் பணம் வெளியே போகிற இடத்தில் அதை உட்காரவைக்க வேண்டும். பேட்டர்னுக்கோ டைக்கோ (உலோக அச்சு) முன்பணம் கொடுக்கும் வவுச்சரோடு மூன்று தாள்கள் இருக்கட்டும்: வேலை நடக்கும் இடத்தில் பார்த்த குறிப்பு, டம்மியைப் பயன்படுத்தியவர் சொன்னது, அந்த அட்டவணை. கையெழுத்துப் போடுகிறவர்களில் சர்வீஸ் மெக்கானிக்கும் ஒருவர். இதற்குத் தனித் துறை வேண்டாம், புது ஆளும் வேண்டாம்.

வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் கட்டணம் பலருக்கும் தயக்கம். 2010-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) வழியாகத் தொடங்கிய டிசைன் கிளினிக் திட்டம் சிறு நிறுவனங்களுக்கு அதில் ஒரு பங்கைக் கொடுத்தது. இப்போது எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இன்னொவேட்டிவ் திட்டத்தில் வடிவமைப்புக்கென ஒரு பிரிவு இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

“இதுக்கே நாள் போச்சுன்னா சீசன் போயிரும்லா?” என்று கேட்பார்கள். ஃபவுண்டரியில் முறை வரக் காத்திருக்கிற நாட்களிலேயே டம்மி வேலையை முடித்துவிடலாம். போல்ட் அளவு மாற்றுவது, பெயின்ட் மாற்றுவது போன்றவற்றுக்கு இந்த மூன்று தாளும் வேண்டாம். கை, கண், முதுகு படுகிற மாற்றம் என்றால் மட்டும் கேளுங்கள்.