‘லைன்’ இல்லை என்றால் எது இல்லை?

“லைன் இருக்கா தம்பி?” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையிலும் கோயில் வாசலிலும் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் கிடையாது. பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரரும் “லைன் தக் அடா” (லைன் இல்லை) என்றுதான் சொல்வார். கம்பியே இல்லாத கைப்பேசித் தொடர்புக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

இலத்தீனில் ‘லினும்’ என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லினியா’. ஆங்கிலத்து லைனுக்கு மூலம் அந்த நூல்தான். நம் ‘தந்தி’க்கும் இதே கதை: யாழ் நரம்பைக் குறித்த வடசொல், கம்பிவழிச் செய்திக்குப் பெயராகிவிட்டது. தொலைபேசிக் கம்பியோடு வீட்டுக்குள் வந்த லைன், கம்பி போன பிறகும் நாக்கில் தங்கிவிட்டது.

தோட்டத்துத் தமிழருக்கு இச்சொல் அதற்கு முன்பே பழக்கம். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத் துரைமார் ‘லைன்ஸ்’ என்றார்கள். நம் வாயில் அது லயம் ஆனது. பாட்டி பிறந்ததும் லைனில்தான், பேரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத் தேடுவதும் லைனைத்தான்.

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதிகளை அடைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலை ஒன்று. அதற்குத் தமிழில் குறிகை. ‘குறி’யோடு, வருகை, தொழுகையில் வரும் அதே ‘கை’ விகுதி சேர்ந்த நல்ல சொல். அந்த அலையைப் பிடித்துப் பேச்சு நடத்துவது இணைப்பு. ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போய்வர முடியும் என்பது கொள்ளளவு. மூன்றில் எது பழுதானாலும் “லைன் இல்ல” என்று சொல்லிவிட்டுப் புது வைஃபை பெட்டி வாங்க ஓடுகிறோம்.

செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டில் சிம் போட்ட வைஃபை பெட்டி டிவி அலமாரியில் இருந்தது. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்: குறிகை -114 டிபிஎம் (அலை வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்). சமையலறை ஜன்னலில், மைலோ டின் மேல் வைத்ததும் -102. பன்னிரண்டுதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். மூன்று டெசிபல் கூடினாலே வலிமை இரு மடங்கு; பன்னிரண்டு என்றால் ஏறக்குறைய 16 மடங்கு. காசு செலவில்லாமல் கிடைத்த லாபம் இது.

சில வீடுகளில் நகர்த்தி வைத்துப் பயனில்லை. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி சேவையை நிறுத்தினார்கள். அதை மட்டுமே அறிந்த பழைய பெட்டிக்கு, கோபுரம் வாசலிலேயே நின்றாலும் இணைப்புக் கிடைக்காது. 4ஜி பெட்டியிலும் எல்லா அலைப்பட்டையும் (கோபுரம் பேசும் அலைவரிசைத் தொகுதி) இருப்பதில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் மரங்களைத் தாண்டித் தொலைதூரம் வரும். 2600 மெகாஹெர்ட்ஸ் அதிகத் தரவைச் சுமக்கும், ஆனால் மேடும் செம்பனை ஓலையும் குறுக்கே வந்தால் தளர்ந்துவிடும். தொலைவில் இருப்பவர், தம் பகுதிக் கோபுரம் பயன்படுத்தும் தாழ்ந்த அலைப்பட்டை பெட்டியில் உண்டா என்று அதன் வெளி அட்டையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ‘கேட் 4’ (4ஜி பெட்டியின் திறன் வகை) என்று போட்டிருந்தால் அது ஒரு நேரத்தில் ஒரு பட்டையைத்தான் பிடிக்கும். உச்சவரம்பு நொடிக்கு 150 மெகாபிட்.

பெட்டியில் குறிகைக் கோடு முழுக்க நிறைந்திருந்தும் இரவு எட்டு மணிக்குப் படம் சுற்றிக்கொண்டே நின்றால் குறிகையைக் குறை சொல்லக் கூடாது. ஊரே ஒரு கோபுரத்தில் தொங்குகிறது, குறைவது கொள்ளளவு. அதற்குப் புதுப் பெட்டி வாங்குவது வீண் செலவு.

பேச்சில் ‘லைன்’ இருந்துவிட்டுப் போகட்டும், அது நம் லயத்துச் சொல். புகார் கொடுக்கும்போது மட்டும் பிரித்துச் சொல்லுங்கள்: குறிகை எண் இவ்வளவு, இணைப்பு இந்த நேரத்தில் அறுகிறது, வேகம் காலையில் இது, இரவில் இது. பெரியம்மா இந்த எண்களை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அதே ஜன்னலில் செருகி வைத்திருக்கிறார்.