மேஜிக் கிங்டம்: டிக்கெட் விலையோடு வழியையும் கணக்கில் எடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்ததும் பல வீடுகளில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குத் திட்டம் போடுகிறார்கள். டிக்கெட் விலையை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்கூட, காரை நிறுத்திய பிறகு பூங்கா வாசலுக்கு எப்படிப் போவது என்று பார்ப்பதில்லை. அங்கேதான் காலைப்பொழுது கரைகிறது.

டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் வாசலில் கார் நிறுத்த இடம் கிடையாது. 1971 அக்டோபர் 1-ல் திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். கார் நிறுத்துமிடத்துக்கும் பூங்காவுக்கும் நடுவில் செவன் சீஸ் லகூன் இருக்கிறது. அது தோண்டி உண்டாக்கிய ஏரி. அந்த மண்ணைக் கொட்டித்தான் பூங்காவின் தரையை உயர்த்தினார்கள். சொந்தக் காரில் வந்தாலும் ஊபரில் வந்தாலும் இந்தக் கரையில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் இறங்கி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். டிஸ்னி விடுதிகளின் பேருந்தோ நேரே வாசலருகே விடும். ஆகவே வெளியில் மலிவாக அறை எடுப்பவர்கள், பூங்கா திறப்பதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக அந்த சென்டரில் இருக்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் படகே நல்லது. மோனோரயில் மேடைக்கு நீண்ட சரிவில் ஏறியாக வேண்டும். படகில் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகும். குழந்தையின் ஸ்ட்ரோலரை மடிக்காமலே படகிலும் மோனோரயிலிலும் ஏற்றலாம். பேருந்தில் மடித்தே ஆக வேண்டும். தூங்கும் குழந்தையோடு இரவில் திரும்பும்போது இது பெரிய வித்தியாசம்.

1971-ல் பெரியவர்களுக்கு நுழைவு 3.50 டாலர். ரைடுகளுக்குத் தனிச்சீட்டு: ‘ஏ’ முதல் ‘இ’ வரை. ‘இ’ தான் விலை கூடியது. 1982-ல் அந்தச் சீட்டுகள் போய், ஒரே கட்டணத்தில் எல்லா ரைடும் என்று ஆனது. ஒவ்வொரு ரைடுக்கும் விலை இல்லாமல் போனதும், வரிசையில் நிற்கும் நேரமே விலையானது. நீண்ட வரிசையைத் தவிர்க்க 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ் என்ற முறை இலவசம். 2021-ல் அதற்குப் பதிலாக லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை வந்தபோது அதற்குக் காசு. பழைய ‘இ’ சீட்டு வேறு பெயரில் திரும்பிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

நுழைவுக் கட்டணமும் இப்போது தேதிக்குத் தேதி மாறும். 2016-ல் ஒருநாள் டிக்கெட்டுக்கும், 2018-ல் பலநாள் டிக்கெட்டுக்கும் இந்த முறை வந்தது. இன்று ஒருவருக்கு ஒருநாள் என்பது, பூங்காவையும் தேதியையும் பொறுத்து, சுமார் 120 டாலரிலிருந்து 200 டாலர் வரை போகும். கிறிஸ்துமஸ் வாரம் உச்சம். பள்ளிகள் திறந்தபின், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் மலிவு. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் அந்த மலிவான மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாடம் உண்டு. புயல் காலமும் அதுவே. மின்னல் நெருங்கினால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். டிஸ்னி வேர்ல்டின் மற்ற பூங்காக்களான எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டுடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் கம்பிவடப் பெட்டிகளும் நின்றுவிடும். ஆகவே மழைக்கு முந்திய காலை நேரத்தை வீணாக்கி, டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை இழக்காதீர்கள்.

பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சில ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு: செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ., ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122. வரிசையின் தொடக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். உச்சிக்கொண்டை கணக்கில் வராது. அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. இருக்கையும் தடுப்புக் கம்பியும் அந்த உயரத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. சிறிய உடல் கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே நழுவ இடமுண்டு.

உயரம் போதாத பிள்ளை இருந்தால் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள், கட்டணம் இல்லை. ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம். பிறகு அவர் முழு வரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் வழியாகப் போவார். வரிசையில் நுழையும் முன்பே வாசல் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மோனோரயிலுக்கு ஓடுவார்கள். அந்த நெரிசலில் பெரியவர்களை நிறுத்தாதீர்கள். பூங்கா வாசலை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் கடைகள் பூங்கா மூடிய பிறகும் சற்று நேரம் திறந்திருக்கும். அங்கே உட்கார வைத்து, கூட்டம் கலைந்தபின் படகுத்துறைக்கு அழைத்துப் போங்கள்.