எடுத்த ஸ்கிரீன்ஷாட் எங்கே போகிறது?

"தம்பி, படம் புடிச்சு வச்சேன். இப்பக் காணோம்."

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா, விடியற்காலைச் சரக்கை முடித்த கையோடு என் கடைக்கு வந்து சொன்னது இது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 16 வருஷமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். டிஸ்பிளே உடைந்து வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக, எடுத்து வைத்த படத்தைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். அதில் பாதிப் பேருக்குப் படம் போனிலேயே இருக்கும். தேடும் இடம்தான் தப்பு.

அக்காவின் கதை இப்படி. தை முகூர்த்தத்துக்கு 20 கிலோ மல்லிகை கேட்டு ஒரு வெளியூர் வியாபாரி வாட்ஸ்அப்பில் கிலோ 2,200 ரூபாய் என்று பேசியிருக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்ததும் "1,800தானே பேசுனோம்" என்று மாற்றிவிட்டார். பழைய மெசேஜைத் திறந்து பார்த்தால் நீக்கப்பட்டது என்று கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை இரண்டு நாள் வரைக்கும் எதிராளியின் போனிலிருந்தும் சேர்த்தே அழித்துவிட முடியும். அக்கா விவரமானவர். விலை பேசிய அன்றே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். கிலோவுக்கு 400 ரூபாய் வித்தியாசம் என்றால் 20 கிலோவுக்கு 8,000 ரூபாய். அவ்வளவு பணமும் அந்த ஒரு படத்தில் நிற்கிறது. கேலரியில் அது இல்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே அவருடைய அண்ணன் மகன் இரண்டு 'ரெகவரி' ஆப்களைப் போனில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை என்றதும் "ரீசெட் அடிச்சா எல்லாம் பழையபடி வந்துரும் அத்தை" என்று சொல்லியிருக்கிறான். நல்லவேளை, அக்கா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவன் பேச்சைக் கேட்டிருந்தால் அன்று என்னால் எதுவும் செய்திருக்க முடியாது.

சரி, முதலில் பொதுவாகப் படம் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தி எடுத்தாலும், மூன்று விரலால் கீழே இழுத்து எடுத்தாலும், படம் இன்டர்னல் ஸ்டோரேஜில் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் போய் விழும். அந்த ஃபோல்டர் எதற்குள் இருக்கிறது என்பதுதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங், ரெட்மி போன்களில் 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். கேமரா படங்கள் இருக்கும் அதே இடம்தான். டிஜிட்டல் கேமரா காலத்திலிருந்து வரும் பெயர் அது. பிக்சல் மாதிரியான போன்களில் 'பிக்சர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். உங்கள் போனில் 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' என்று ஒரு ஆப் இருக்கும். அதைத் திறந்து இன்டர்னல் ஸ்டோரேஜுக்குள் போய் இந்த இரண்டு ஃபோல்டரையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் இருக்கும். புதிய சாம்சங் போன்களில் ஸ்கிரீன்ஷாட் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதை செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' பகுதியில் மாற்றவும் முடியும். வீட்டில் பிள்ளைகள் யாராவது மாற்றி வைத்திருந்தால் பழைய இடத்தில் தேடி அலுத்துப் போவீர்கள்.

கேலரியைத் திறந்ததும் தெரிகிற வரிசையில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. கீழே 'ஆல்பம்ஸ்' என்று இருப்பதைத் தொட்டால் ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தனி ஆல்பம் இருக்கும். கூகுள் போட்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் 'கலெக்‌ஷன்ஸ்' பகுதிக்குள் போய், இந்தப் போனில் உள்ளவை என்ற இடத்தில் பார்க்க வேண்டும்.

ஐபோன்காரர்களுக்கு இந்த ஃபோல்டர் குழப்பம் கிடையாது. போட்டோஸ் ஆப்பில் 'மீடியா டைப்ஸ்' என்பதன் கீழ் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்று தனியாக இருக்கும். அவர்கள் தவறவிடுவது வேறொரு இடத்தில். எடுத்தவுடன் ஓரத்தில் வரும் சின்னப் படத்தைத் தொட்டு, மேலே 'டன்' கொடுக்கும்போது 'காப்பி அண்ட் டெலிட்' என்று ஒரு வழி காட்டும். அதைத் தொட்டுவிட்டால் படம் போட்டோஸுக்குள் போகாது. அந்த நேரத்துக்கு எங்காவது ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சஃபாரியில் முழுப் பக்கத்தையும் நீளமாக எடுத்து பிடிஎஃப் ஆகச் சேமித்திருந்தால் அது 'ஃபைல்ஸ்' ஆப்பில் இருக்கும்.

அக்காவின் போனுக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டர் காலி. கேலரியின் குப்பைத்தொட்டியும் காலி. விசாரித்தால், 64 ஜிபி போன் நிறைந்துபோய் அடிக்கடி எச்சரிக்கை காட்டியிருக்கிறது. சுத்தம் செய்யும் ஆப் "பழைய ஸ்கிரீன்ஷாட்கள் இருக்கின்றன, நீக்கலாமா" என்று கேட்டிருக்கிறது. அக்கா தொட்டுவிட்டார். இது இன்று பெரும்பாலான போன்களில் நடக்கிறது. கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பே பழைய ஸ்கிரீன்ஷாட்டை வேண்டாத பொருளாக எடுத்துக் காட்டும். ஆப்புக்கு அது பழைய படம். அக்காவுக்கு அது 8,000 ரூபாய்.

"யாருக்காச்சும் அந்தப் படத்தை அனுப்புனீங்களாக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "திருப்பூர்ல இருக்க மகனுக்கு அனுப்புன மாதிரி ஞாபகம்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஏனென்றால் ஆண்ட்ராய்டில் நாம் வாட்ஸ்அப் வழியாக ஒரு படத்தை அனுப்பினால், அதன் நகல் ஒன்று தனியாக நம் போனிலேயே தங்கும். கேலரியில் அது தெரியாது. தெரியாதபடி வாட்ஸ்அப்பே ஒரு குறி போட்டு வைத்திருக்கும். ஃபைல்ஸ் ஆப்பில் இன்டர்னல் ஸ்டோரேஜ், அதற்குள் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்', அதற்குள் 'வாட்ஸ்அப்', அதற்குள் மறுபடி ஒரு 'மீடியா', அப்புறம் 'வாட்ஸ்அப் இமேஜஸ்', கடைசியில் 'சென்ட்'. எட்டுத் தட்டு இறங்க வேண்டும். மூலப்படத்தை அழித்தாலும் இந்த நகலை அது தொடாது. மகனோடு பேசிய சாட்டில் மேலே தள்ளித் தள்ளித் தேடுவதைவிட இது வேகம்.

'சென்ட்' ஃபோல்டரைத் திறந்தால் 900 படங்களுக்கு மேல் இருந்தன. பூ மூட்டை, கோயில், பேத்தி, தராசுத் தட்டு. இங்கேதான் ஃபைல் பெயர் கை கொடுக்கும். வாட்ஸ்அப் ஒவ்வொரு படத்துக்கும் அனுப்பிய தேதியை வைத்தே பெயர் சூட்டும். ஐஎம்ஜி-20250130-டபிள்யூஏ0003 என்று இருந்தால், 2025 ஜனவரி 30இல் அனுப்பியது, அன்றைய வரிசையில் அதன் எண் 3 என்று அர்த்தம். விலை பேசியது 30ஆம் தேதி இரவு என்று அக்காவுக்கு நினைவு இருந்தது. அந்தத் தேதியில் நாலே படங்கள். மூன்றாவதைத் தொட்டேன். மேலே வியாபாரியின் பெயர், நேரம் இரவு 9:14, கீழே "20 கிலோ. 2200 ஓகே. காலைல அனுப்பிருங்க". அக்கா போனை என் கையிலிருந்து வாங்கித் தானே இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். விரலில் நார் பிரிந்த தடம் இருந்தது. எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

மூல ஸ்கிரீன்ஷாட்டின் பெயர் இதைவிட அதிகம் சொல்லும். எடுத்த வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி எல்லாம் பெயரிலேயே இருக்கும். சாம்சங், ரெட்மி போன்களில் எந்த ஆப் திறந்திருந்தபோது எடுத்தது என்பதும் சேர்ந்து வரும். அதனால்தான் முக்கியமான ஸ்கிரீன்ஷாட்டின் பெயரை மாற்றாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தப் பெயர் போய்விடும், தெளிவும் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் இரண்டும் அப்படியே இருக்கும்.

அழித்துவிட்டால் எத்தனை நாள் அவகாசம்? சாம்சங் கேலரியின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பத்தில் 30 நாள், சில நேரம் 40 வரை. கூகுள் போட்டோஸில் பேக்அப் ஆன படம் என்றால் 60 நாள், ஆகாதது என்றால் 30. இதைத் தாண்டி வருகிறவர்களிடம் நான் நம்பிக்கையாகப் பேசுவதில்லை. பிளே ஸ்டோரில் கிடைக்கும் ரெகவரி ஆப்களில் பெரும்பாலானவை, போனில் மிச்சம் கிடக்கும் முன்னோட்டப் படங்களைத் திரட்டிக் காட்டுபவைதான். மங்கலாக இருக்கும், எழுத்து தெரியாது. அதற்குப் பதிலாக உங்கள் மொத்தப் படங்களையும் பார்க்கும் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ரீசெட் இன்னும் மோசம். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில்தான் இருக்கிறது. ரீசெட் கொடுத்தால் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதற்குப் பிறகு என்னால் மட்டுமில்லை, எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. படம் காணோம் என்றால் போனில் புதிதாக எதையும் ஏற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வரும் ஒரு பெண் பெரியார் பஸ் ஸ்டாண்டில் போனைப் பறிகொடுத்தாள். புதுப் போன் வாங்கி ஜிமெயிலைப் போட்டதும் கேமராவில் எடுத்த படமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் ஒன்றுகூட வரவில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்ப எண், கட்டணம் கட்டிய ரசீது எல்லாம் அதில்தான் வைத்திருந்தாள். "எல்லாம் பேக்அப் ஆகுதுன்னுதானே அண்ணா காட்டுச்சு" என்று கேட்டாள். கூகுள் போட்டோஸ் கேமரா ஃபோல்டரைத்தான் தானாக பேக்அப் எடுக்கும். ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரை நாம்தான் பேக்அப் செட்டிங்ஸுக்குள் போய், போன் ஃபோல்டர்கள் என்ற இடத்தில் ஆன் செய்ய வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அந்தப் பெண் ஒரு வாரம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள்.

ஜிபே, போன்பே ரசீதுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுக்குவது அவ்வளவு அவசியமில்லை. ஆப்பின் வரலாற்றிலேயே அது இருக்கும். உண்மையான ஆதாரம் அதில் உள்ள 12 இலக்க யுபிஐ எண். வங்கிக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். கடை வைத்திருக்கிறவர்கள், எதிராளி நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு படத்தைப் போலியாகச் செய்வது மிகச் சுலபம். உங்கள் கணக்கில் பணம் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வங்கி ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருகிறது, போன் ரிப்பேர் என்று வருகிறவர்கள் உண்டு. ரிப்பேர் இல்லை. பார்ப்பதை யாரும் படமெடுக்கக் கூடாது என்று அந்த ஆப்பே தடுத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்துக்கும் இதே கதைதான்.

அப்படித் தடுக்காத இடங்களில் ஜனங்கள் எதையெல்லாம் எடுத்து வைக்கிறார்கள் என்று பார்க்கும்போது பயமாக இருக்கிறது. ஆதார், ஏடிஎம் கார்டின் இரண்டு பக்கம், பாஸ்வேர்டு எழுதிய நோட்ஸ். டிஸ்பிளே மாற்றிவிட்டு டச் வேலை செய்கிறதா என்று சோதிக்கும்போது இவை கண்ணில் பட்டுவிடுகின்றன. நான் திருப்பிக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று நீங்கள் நம்பி உட்கார வேண்டாம். ஆட்களை விடுங்கள், ஆப்களும் படிக்கின்றன. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்ற திருட்டு நிரலைக் கண்டுபிடித்துச் சொன்னது. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த சில ஆப்களுக்குள் ஒளிந்திருந்து, கேலரி அனுமதியை வாங்கி, படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து, கிரிப்டோ கணக்கின் மீட்புச் சொற்களைத் தேடித் திருடியது அது. ஆண்ட்ராய்டு 14 முதல், எல்லாப் படத்துக்கும் பதிலாகத் தேர்ந்தெடுத்த படத்துக்கு மட்டும் ஒரு ஆப்புக்கு அனுமதி கொடுக்கலாம். அதையே கொடுங்கள். சர்வீஸுக்குப் போனைக் கொடுக்கும் முன், சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' ஆன் செய்துவிட்டால் உங்கள் படங்கள் எங்களுக்குத் தெரியாது. கூகுள் போட்டோஸின் 'லாக்டு ஃபோல்டர்' நல்லதுதான். ஆனால் அதற்கு பேக்அப் ஆன் செய்யாமல் போனை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

பணமோசடியில் மாட்டி ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. என் கடைக்கு வருவதற்கு முன்னால் சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போன் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. படத்தை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். எதிராளியின் நம்பரும் நேரமும் தெரியும்படி முழுத் திரையாக வையுங்கள். அந்தச் சாட்டையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று மூலத்தை அழித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா அந்தப் படத்தை அங்கேயே, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வியாபாரிக்கு அனுப்பினார். நீல டிக் வந்தது. பதில் வர 20 நிமிஷம் ஆனது. "சரிக்கா, பேசுன மாதிரியே கணக்குப் பாத்துக்கலாம்." கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, அந்த எட்டுத் தட்டையும் தமிழில் வரிசையாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டார்.