பாதியில் நிற்கும் நார் எலும்பை எப்படி இழுக்கிறது?

வெந்த ஆட்டுத்தொடைக் கறி நார்நாராகப் பிரிகிறதே, ஒவ்வொன்றும் ஒரு தசைச் செல்லா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, விரலோடு வருவது பல செல்கள் சேர்ந்த ஒரு கற்றை. முழுத் தசையையும் போர்த்தியிருப்பது எபிமைசியம். கறிக்கடையில் சீவி எறிகிற வெள்ளை ஜவ்வில் அதுவும் சேர்த்தி. கற்றைகளைச் சுற்றியிருப்பது பெரிமைசியம். வேகும்போது இதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைவதால்தான் கற்றைகள் பிரிகின்றன. கிடா முற்ற முற்ற கொலாஜன் இழைகளுக்கிடையே பிணைப்புகள் இறுகும், விசிலும் கூடும். (கரைந்த கொலாஜன் சூப்பிலிருந்து நேராக மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. குடல் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். மிளகு ருசிக்காகக் குடியுங்கள்.)

சரி, எனக்குப் பிடித்தது மூன்றாவது உறை. ஒவ்வொரு தசைச் செல்லையும், அதாவது தசைநாரையும், தனித்தனியாகச் சுற்றியிருக்கும் எண்டோமைசியம்.

பாடப்புத்தகப் படத்தில் நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். நம் உடலின் மிக நீளமான தசையான சார்டோரியஸ் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை இறங்குகிறது. அதன் நார்களில் பல, தசையை எலும்போடு கட்டும் தசைநாணைத் தொடாமல் நடுவழியிலேயே கூர்ந்து முடிந்துவிடுகின்றன. அப்படியானால் அவை எதைப் பிடித்து இழுக்கின்றன?

பக்கத்து நாரைத்தான். இரண்டு நார்களுக்கும் நடுவே இருப்பது ஒரே எண்டோமைசிய வலை. தசை நீளும்போது அந்த வலையும் எளிதாக நீண்டு கொடுக்கும். ஆனால் ஒரு நார் இன்னொன்றின்மேல் வழுக்கிப் போக விடாது. ஆகவே சுருங்கும் நாரின் இழுவை அதன் நுனியில் மட்டுமல்ல, பக்கவாட்டு நெடுகிலும் அடுத்ததற்குக் கைமாறுகிறது. சில சென்டிமீட்டர் பஞ்சு இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மைல்கணக்கில் நூலாவதைப்போல.

1983இல் சிபில் ஸ்ட்ரீட் என்ற ஆய்வாளர் தவளைத் தசையில் இதைக் காட்டினார். ஒரு நாரின் பாதியை மட்டும் பிரித்தெடுத்து, மீதிப் பாதியைச் சுற்றியுள்ள நார்களோடு விட்டுவைத்தார். அந்தப் பாதியை நுனியில் பிடிக்காமல், அண்டை நார்கள் வழியாகப் பக்கவாட்டில் மட்டுமே பிடித்தபோதும் இழுவிசை ஏறக்குறைய குறையவே இல்லை!

"தவளைத் தொடையை இழுத்துப் பார்க்கவா பணம்?" என்று நிதிக்குழுவில் யாராவது கேட்கக்கூடிய ஆராய்ச்சி இது. 1987இல் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. இந்தப் பக்கவாட்டு இழுவை செல்லைவிட்டு வெளியே போக, செல்லின் உள்சட்டத்தை வெளியுறையோடு கோக்கும் சங்கிலியில் ஒரு முக்கியக் கண்ணி அது. டுஷென் தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களுக்கு அந்தக் கண்ணி இல்லை. அதனால் தசை சுருங்கும்போதெல்லாம் செல்லின் சவ்வு எளிதில் கிழிகிறது.