பிரைம் லென்ஸ் வாங்குமுன் படம் எடுக்கும் அறையை அளந்து பாருங்கள்

மட்டக்களப்பில் கூத்து அரங்கேற்றம் என்றால் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, ஆடுகிறவர்கள் அவர்களைச் சுற்றி வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் வருவார்கள். கம்பங்களில் கட்டிய மின்குமிழ்களைத் தவிர வேறு வெளிச்சம் இராது. அப்படியொரு களரியில் எனக்கு உதவியாக நின்ற தம்பி, கமராவோடு வந்த 18-55 மில்லிமீற்றர் கிட் லென்ஸை 55இல் வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனை) 6400 வரை ஏற்றியும், அவருக்கு 1/30 நொடிக்கு மேல் ஷட்டர் வேகம் கிடைக்கவில்லை. சதங்கை கட்டிய கால்கள் புகைபோலக் கலைந்திருந்தன. கையிலிருந்த வாள் ஒரு வெள்ளைக் கோடாக இழுபட்டிருந்தது. “பிளாஷ் போடட்டா அண்ணா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சுழன்று ஆடுகிறவரின் கண்ணில் பிளாஷ் அடித்தால் அவர் அடுத்த மிதியில் தடுமாறக்கூடும். அதோடு களரியின் மஞ்சள் வெளிச்சம் படத்தில் செத்துப்போகும்.

அடுத்த வாரமே அவர் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிவந்தார். களரிக்கு அது நன்றாகவே உதவியது. ஆனால் இரண்டு வாரங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டில் நின்றுகொண்டு, “அண்ணா, ஒண்டுமே கொள்ளுதில்ல” என்றார், படத்துக்குள் எதுவும் அடங்கவில்லை என்று. இந்த ஏமாற்றத்தை நான் பல இளைஞரிடம் கண்டுவிட்டேன். கடன்பட்டோ சீட்டுக்காசு எடுத்தோ முதல் பிரைம் லென்ஸை, அதாவது சூம் ஆகாமல் ஒரே மில்லிமீற்றர் அளவில் நிற்கும் லென்ஸை, வாங்குகிறவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை என் தொழில் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத்தூரத்தை (அதன் பெயரிலுள்ள மில்லிமீற்றர் எண்ணை) அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். 50 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 1.8 என்றால் துவாரம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் அகலம். ஒளி அந்தத் துவாரத்தின் பரப்பளவைப் பொறுத்து உள்ளே வருவதால், எண் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6க்குக் கீழே இறங்காது. அதனோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை விடுகிறது. அந்தக் களரியில் ஐஎஸ்ஓவை 6400இலிருந்து 1600க்கு இறக்கிய பிறகும் ஷட்டரை 1/30இலிருந்து 1/80 வரை கூட்ட முடிந்தது இதனால்தான். எஃப் 1.4 லென்ஸ் இதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான ஒளியைத் தரும். ஐஎஸ்ஓ 1600 தேவைப்படும் இடத்தில் 1000 போதும் என்பதே அதன் பொருள். அந்த வித்தியாசத்துக்காக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கும்படி முதல் லென்ஸ் வாங்கும் ஒருவருக்கு நான் சொல்லமாட்டேன்.

துவாரத்தைவிடப் பெரிய கேள்வி குவியத்தூரம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கமராக்களில் படத்தைப் பதியும் சென்சர் சிறியது. கெனனில் 1.6, நிக்கோனில் 1.5 என்ற பெருக்கத்தால் 50 மில்லிமீற்றர் லென்ஸ் இவற்றில் முறையே 80, 75 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் அளவையே காட்டும். ‘ஐம்பதுதான் மனிதக் கண்ணின் பார்வை’ என்று கடையில் சொல்வது பழைய பிலிம் கமராவுக்கும் அதே அளவு பெரிய சென்சர் உள்ள ஃபுல் பிரேம் கமராவுக்கும் பொருந்தும். உங்கள் கையிலுள்ளதற்குப் பொருந்தாது.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். எங்கள் பகுதியில் கலியாணமும் சாமத்தியச் சடங்கும் பெரும்பாலும் பெண் வீட்டில்தான். மணப்பெண்ணை அலங்கரிப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில். அதில் ஒரு கட்டிலும் அலுமாரியும் இருக்கும், மாமிமார் நால்வரும் இருப்பார்கள். சுவரோடு முதுகு ஒட்டி நின்றாலும் பெண்ணுக்கும் உங்களுக்கும் இடையே மூன்று மீற்றர் கிடைத்தால் பெரிய விடயம். அந்த மூன்று மீற்றரில், கெனனில் பூட்டிய 50 மில்லிமீற்றர் லென்ஸ் கமராவை நிமிர்த்திப் பிடித்தால் 1.34 மீற்றர் உயரத்தைத்தான் காட்டும். தலை முதல் முழங்கால் வரை வரும். சேலையின் கீழ்க்கரை வராது. நிக்கோனில் 35 மில்லிமீற்றர் லென்ஸ் அதே இடத்திலிருந்து 2 மீற்றர் உயரம் காட்டும், முழுப்பெண்ணும் வந்துவிடுவாள். கெனனின் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 லென்ஸ் 2.8 மீற்றர் வரை காட்டும், தோழியரையும் சேர்க்கலாம்.

ஆகவே வீட்டுச் சடங்குகளை எடுக்கிறவருக்கு, சிறிய சென்சர் கமராவில், நான் முதலில் சொல்வது 35 அல்லது அதற்குக் குறைந்ததைத்தான். நிக்கோன் வைத்திருப்போருக்கு 2009இல் வந்த டிஎக்ஸ் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8ஜி இன்றும் நல்ல தெரிவு. கெனன்காரருக்கு இவ்வளவு நேரான வழி இல்லை: 24 மில்லிமீற்றர் லென்ஸ் எஃப் 2.8இல் நின்றுவிடுகிறது, 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவானது என்றாலும் அறைக்குள் நெருக்கும். கூத்து, மேடை நிகழ்ச்சி, தனியாள் படம் ஆகியவை உங்கள் தொழிலில் முக்கால்வாசி என்றால் 50ஐயே எடுங்கள். 85 மில்லிமீற்றர் அழகான லென்ஸ்தான். ஆனால் அதைப் பயன்படுத்தக் கோயில் வீதியோ கல்லடிக் கடற்கரையோ வேண்டும்.

என் சொல்லையும் நம்ப வேண்டாம். கையிலிருக்கும் கிட் லென்ஸை 35இல் வைத்து, சூம் வளையத்தின் மேல் செலோரேப் ஒட்டிவிட்டு, ஒரு சடங்கு முழுவதையும் அப்படியே எடுங்கள். அடுத்த சடங்கை 50இல் ஒட்டி எடுங்கள். எந்த நாளில் ரேப்பைப் பிய்த்தெறிய மனம் வந்ததோ, அந்த எண் உங்களுக்கானது அல்ல. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பிரைம் லென்ஸே பொருந்தாத இடங்களும் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பின்போது சனத்திரள் நடுவே கிடைத்த இடத்தில்தான் நிற்கலாம், முன்னே பின்னே நகர முடியாது. அங்கே தூரச் சூம் லென்ஸ்தான் வேலை செய்யும்.

இனி, துவாரத்தை முழுவதும் திறப்பது பற்றி. பின்னணி கலங்கித் தெரிவதைப் பார்த்த மகிழ்ச்சியில் புதியவர்கள் எல்லாவற்றையும் எஃப் 1.8இலேயே எடுக்கிறார்கள். சிறிய சென்சரில், 50 மில்லிமீற்றர் லென்ஸோடு, ஒன்றரை மீற்றர் தூரத்தில் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். ஒரு மீற்றரில் 3 சென்ரிமீற்றர்கூட இல்லை. தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்: மாப்பிள்ளையின் விரல்கள் முன்னே, குனிந்த பெண்ணின் முகம் அதற்கு ஒரு சாண் பின்னே. கமரா தானாகவே விரலைப் பிடித்துக்கொண்டால் அவளுடைய கண்கள் கலங்கிப் போகும். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இருவர் இருக்கும் படத்துக்கு எஃப் 2.8, குடும்பமாக நின்றால் எஃப் 4 அல்லது அதற்கு மேல் என்பது என் வழக்கம். எஃப் 1.8இல் சேலையின் சரிகை ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஊதா நிறக் கரையும் எஃப் 2.8க்கு வந்தால் பெருமளவு அடங்கிவிடும்.

ஃபோகஸ் புள்ளியைக் கமராவின் தெரிவுக்கு விடாமல் ஒரே புள்ளியை நீங்களே தேர்ந்து, கிட்டவுள்ள கண்ணில் வையுங்கள். லென்ஸ் வாங்கிய அன்றே, ஒரு மீற்றர் அளவில் சரிவாகக் கிடத்திய அளவுகோலின் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, ஒருமுறை வியூஃபைண்டர் வழியாகவும் ஒருமுறை பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். வியூஃபைண்டர் வழியே எடுத்தது மட்டும் முன்னுக்கோ பின்னுக்கோ விலகியிருந்தால், கமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாற்றித் தரும்படி அன்றைக்கே கேட்கலாம்.

மண்டபங்களிலுள்ள மலிவான எல்ஈடி விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு நூறு தடவை மினுங்கும். அதிக ஒளி விடும் வேகமான லென்ஸ் கிடைத்துவிட்டது என்று ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படத்தில் இருண்ட பட்டைகள் விழலாம். அங்கே 1/100, முடிந்தால் 1/50 பாதுகாப்பானது.

வாங்கும் இடத்தில் அதிகம் பேர் ஏமாறுவது மோட்டரில். கெனனின் ஈஎஃப் லென்ஸ்கள் 1987 முதல் தமக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டரைக் கொண்டவை. நிக்கோனில் அப்படியல்ல. ஏஎஃப் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8டி லென்ஸை டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் பூட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது, ஏனெனில் அந்தக் கமராக்களில் மோட்டர் இல்லை, லென்ஸிலும் இல்லை. டி90, டி7000 போன்றவற்றில் ஆகும். நானே தொழில் தொடங்கிய நாட்களில், ‘எல்லா நிக்கோனுக்கும் பொருந்தும்’ என்ற கடைக்காரரின் வார்த்தையை நம்பி ஒரு டி வகை லென்ஸை வாங்கி, முதல் சடங்கு முழுவதும் கையால் வளையத்தைத் திருகிக்கொண்டு நின்றேன். பொருந்தத்தான் செய்தது, ஃபோகஸ் ஆகவில்லை. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு மிரர்லெஸ் கமராவுக்கு மாறினாலும் ஏஎஃப்-எஸ் லென்ஸ், பழைய லென்ஸைப் புதிய கமராவில் பூட்ட உதவும் நிக்கோனின் எஃப்டிசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகும். டி வகை ஆகாது.

பழைய லென்ஸ் வாங்குவதாயின் கையில் ஒரு சிறு டோர்ச் கொண்டு செல்லுங்கள். துவாரத்தை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஒளியைச் சரிவாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல்போல, அல்லது கிளைவிட்ட வேர்போலத் தெரிந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சை. நாங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறோம். கார்த்திகை மார்கழி மழையில் அலுமாரிக்குள் தோல் பையோடு கிடந்த லென்ஸ் தை மாதம் வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும். முற்றினால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் போகாது. சில தூசித் துணிக்கைகள் படத்தைக் கெடுக்காது. பங்கஸ் இருப்பதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். கெனன் 50 எஸ்டிஎம்மில் ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அதில் அடிபட்டிருந்தால் ஓட்டம் திக்கும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பலமுறை மாற்றி மாற்றி ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

வாங்கிய பின் தோல் பையிலிருந்து வெளியே எடுத்து, ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி இருக்கட்டும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அது 60ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். மாரியில் என் பெட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து, லென்ஸ்களை அரைமணி நேரம் காற்றாடப் பிடித்துவிட்டு மூடுகிறேன்.