நம்பிக்கையா, நம்பகத்தன்மையா?

"பயனர் விருப்பம், நம்பகத்தன்மை ஆகியவற்றின் அடிப்படையில் மேகச் சேவைகளைப் பரிந்துரைத்தல்." இப்படி ஓர் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பை இன்னொரு முறை படித்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. இணையம் வழியாகக் கிடைக்கும் கணினிச் சேவையைச் சொல்லும் 'கிளவுட்' என்பதற்கு மேகமா முகிலா என்ற சண்டை இருக்கட்டும், இரண்டுமே புரிகின்றன. பரிந்துரையும் நல்ல சொல்தான். பரிவே இல்லாத நிரல் ஒன்று பரிந்து உரைப்பதுதான் வேடிக்கை. என் வழக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் நம்பகத்தன்மையோடு. ஆங்கில மூலத்தில் இருப்பது டிரஸ்ட். அதற்குத் தமிழ் நம்பிக்கை.

வேர், நம்பு. "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். விருப்பத்தையும் நம்பிக்கையையும் தனித்தனியாக எடைபோடும் இந்தப் பரிந்துரைத் துறையின் இரண்டு பொருள்களும் தமிழில் ஒரே வேரில் கிடந்தவை! சரி, அது பழங்கதை.

இன்றைய வழக்கைப் பாருங்கள். "எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது." இதில் இரண்டு பேருக்கு இடம் உண்டு: நம்புகிறவர், நம்பப்படுகிறவர். "அவருடைய நம்பகத்தன்மை" என்றால் ஒருவர்தான் மிஞ்சுகிறார். நம்புகிறவர் காணாமல் போய்விட்டார். பரிந்துரை அமைப்புக்கு வேண்டியதோ அந்தக் காணாமல் போனவர்தான். ஒரு சேவையை நான் பயன்படுத்தியதே இல்லை, மதிப்பெண்ணும் போட்டதில்லை என்றால், நான் யாரை நம்புகிறேனோ அவர் போட்ட மதிப்பெண்ணை வைத்து எனக்கு எது சரிவரும் என்று அது கணிக்கிறது. நான் உங்களை நம்புவதால் நீங்கள் என்னை நம்புவதாக ஆகாது என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. இந்தத் திசையை நம்பகத்தன்மை எப்படிக் காட்டும்?

அதோடு விடவில்லை. பழுதில்லாமல் ஓடுவதைச் சொல்லும் ரிலையபிலிட்டிக்கும் இதே நம்பகத்தன்மையைத்தான் போடுகிறார்கள். ஒரு சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் முடங்கலாம் என்று பொருள். இது இயந்திரக் கணக்கு, கடிகாரம் வைத்து அளக்கலாம். அதே சேவையிடம் என் கோப்புகளைக் கொடுக்க மனம் வருமா என்பது வேறு கேள்வி. ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடிக்கொண்டே அது என் தரவை விற்கலாமே!

நம்பிக்கை என்ற சொல் கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை என்று எங்கெங்கோ அலைகிறது, கலைச்சொல்லாக நிற்காது என்பார்கள். அலையட்டுமே. 'அவர்மேல்' என்பதிலுள்ள 'மேல்' போல ஓர் உருபு முன்னால் வந்தால் தானாக அடங்கிவிடுகிறது. உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன்: எளிய சொல் என்றால் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூச்சம், வால் ஒட்டினால்தான் அறிவியல் மாதிரி தெரிகிறது. பாதுகாப்பு போதாமல் பாதுகாப்புத்தன்மை. அடுத்து வேகத்தன்மையும் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

நம்பகத்தன்மையை ஒழிக்கச் சொல்லவில்லை. நம்பத் தகுந்த குணம் சேவையில் இருக்கிறதா என்று பேசும்போது அது பொருந்தும். அங்கும் நம்பகம் என்றாலே போதும். பயனர் வைப்பது நம்பிக்கை. பழுதில்லாமல் ஓடுவதற்கு நான் பழுதின்மை என்று எழுதுகிறேன். அதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம், கடைசி எழுத்துகள் 'தன்மை' என்று முடியாதவரை.