ஆஃப்செட்: 'எட்டம்' என்றால் என்ன குறை?

காரைக்குடியில் ஆஃப்செட் எங்கே என்று கேட்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். அதுவும் இதே சொல்தான். 'ஆஃப்' விலகி, 'செட்' வைப்பது. மை நேராகத் தாளில் படாமல் ரப்பர் விரிப்பு வழியாகத் தள்ளிப்போய் விழுகிறது. கணினியில், ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பதுதான் ஆஃப்செட்.

தமிழில்? 'எதிரீடு' ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டுகிற பொருளைத் தருகிறது, பேரேட்டுக்குச் சரி, ஃபைலுக்கு ஆகாது. 'பெயர்ச்சி' என்றால் எனக்குச் சனிதான் ஞாபகம் வருகிறார். என் ஓட்டு 'எட்டம்': ஆச்சிமார் "எட்ட நில்லு" என்கிறார்களே, அந்த எட்டம். பள்ளிக் கணக்கில் குறை முழுக்கள் இருப்பதால் நெகட்டிவ் ஆஃப்செட்டைக் குறை எட்டம் எனலாம்.

குறை எட்டம் கேட்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டு வீட்டில் பின்கட்டிலிருந்து பத்தடி முன்னே வா என்றால் வரலாம், முகப்பில் நிற்பவரைப் பத்தடி முன்னே வரச் சொன்னால் அவர் தெருவில் நிற்பார். ஃபைலில் படிக்கும் இடத்தை நகர்த்தும் எல்சீக் (lseek) அழைப்பும் அப்படியே: ஃபைல் முடிவிலிருந்து -10 கேட்டால் கடைசிப் பத்து பைட், ஆனால் போய்ச் சேரும் இடமே பூஜ்யத்துக்குக் கீழே என்றால் ஈஇன்வால் (EINVAL, செல்லாத மதிப்பு) பிழை.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இந்த எட்டம் 64 பிட் எண், கூட்டல்-கழித்தல் குறியோடு, உச்சம் 9223372036854775807. டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுபவர் 'இடம் பஃபரின் அளவைவிடப் பெரிதா' என்று மட்டும் பார்த்தால், குறை எண் எப்போதும் சிறிதுதானே, சோதனையைத் தாண்டி பஃபருக்கு, அதாவது தரவு வைத்திருக்கும் பகுதிக்கு, முன்னால் உள்ள நினைவகத்தைப் படித்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழேயா என்று பார்ப்பதும் போதாது. இடத்தோடு படிக்கும் நீளத்தைக் கூட்டினால் உச்சம் தாண்டிக் குறையாக மாறலாம், சி மொழியில் குறியுள்ள எண் வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அதனால் கூட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். உச்சத்திலிருந்து இடத்தைக் கழித்து, மிச்சத்தைவிட நீளம் பெரிதா என்று கேளுங்கள்.

விதிவிலக்கு, கணினியின் நினைவகத்தையே ஃபைலாகக் காட்டும் டெவ்-மெம் (/dev/mem) மாதிரி ஃபைல்கள். அங்கே எட்டம் என்பது நினைவக முகவரியே, மிகப் பெரிய முகவரிகள் குறியோடு பார்த்தால் குறையாகத் தெரியும், எனவே குறியில்லாததாக எடுத்துக்கொள் என்று சொல்லத் தனிக் கொடி (flag) வைத்திருக்கிறார்கள். அப்புறமும் ஒரு சிக்கல்: கெர்னல் பிழை எண்களைக் குறையாகத்தான் திருப்பும், அதனால் எல்சீக் -9 என்று திருப்பினால் அது முகவரியா, 'தவறான ஃபைல் எண்' என்ற பிழை 9-ஆ? குழப்பம் வேண்டாமென்று கடைசி 4095 முகவரிகளுக்குப் போகவே விடாமல் ஈஓவர்ஃபுளோ (EOVERFLOW, வழிந்துவிட்டது) பிழை தந்துவிடுகிறார்கள்.